சக்கரத்தின் சிறு கதவு



தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு 'வால்டியூப்' என்ற சொல் நன்றாக நினைவிருக்கும். பித்தளைத் தண்டின்மேல் மாட்டப்படும் மெல்லிய ரப்பர்க் குழல் அது. அது நைந்துபோனால் எத்தனை முறை பம்பு அடித்தாலும் சக்கரத்தில் காற்று நிற்பதில்லை. தெருக்கோடிக் கடையில் சில காசுகளுக்கு அதை வாங்கி, எச்சில் தொட்டு நாமே மாட்டிக்கொண்டு, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்போம்.

பிறகு சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினோம். பிழைப்பின் நிமித்தம் டில்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத் என்று வெளியூர்களில் குடியேறினோம். காற்றைப் பற்றிய அந்தச் சிறு அறிவு மட்டும் நம்மில் பலரைவிட்டு நழுவிவிட்டது. சக்கரம் இறங்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போகிறோம். கடைக்காரர் டியூபை மாற்ற வேண்டும் என்கிறார். பாஷை முழுதும் புரியாத ஊரில் எதிர்க் கேள்வி கேட்கத் தயங்கி, சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.  கோளாறு டியூபில் இல்லாமல் வால்வின் உட்பகுதியில் மட்டும் இருந்திருந்தால் அது வீண் செலவு.

மோட்டார் சைக்கிள் டயரின் வால்வு வழியாகக் காற்றுக் கசிந்தால் அதை எவ்வாறு கண்டறிவது, எதை நாமே சரிசெய்துகொள்ளலாம், எதைக் கடைக்காரரிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும் என்பவற்றை இன்று பார்ப்போம். கசிவு எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் எந்தப் பரிகாரமும் செய்யக்கூடாது. இந்தப் பேச்சின் சாரம் அதுதான்.

முதலில் வால்வின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்கு 1888ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1893இல், நியூயார்க் நகரத்து ஷ்ரேடர் நிறுவனத்தின் வால்வுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று கார், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் நாம் காண்பது அந்த வகை வால்வுதான். வெளியே தெரியும் தண்டுக்குள் திருகி இறக்கிய ஒரு சிறு பித்தளைத் துண்டு உண்டு. கடைகளில் அதைப் 'பின்' என்பார்கள். அதன் நடுவே மெல்லிய ஊசியும், ஊசியைச் சுற்றி ஒரு ஸ்பிரிங்கும், ஊசியின் அடியில் ஒரு சிறு அடைப்பும் இருக்கின்றன. பின்னின் மேற்பகுதியைச் சுற்றி மற்றொரு வளையம் இருக்கிறது. ஊசி வழியே காற்று வெளியேறாமல் அடியிலுள்ள அடைப்புத் தடுக்கிறது. பின்னுக்கும் தண்டுக்கும் இடையே காற்று நுழையாமல் மேலுள்ள வளையம் தடுக்கிறது.

பம்பின் முனை ஊசியை அழுத்தும்போது கதவு திறக்கிறது. முனையை எடுத்ததும் ஸ்பிரிங் அதைச் சாத்துகிறது. சாத்திய கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்வது உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமே. சிறை வைக்கப்பட்டவனே உள்ளிருந்து கதவுக்குத் தோள் கொடுப்பது போன்ற வேடிக்கை இது. ஆகையால் காற்றுக் குறையக் குறையக் கதவின் பிடியும் தளரும். ஒரு மணல் துகள் இடையில் சிக்கினாலும் போதும், இரவு முழுவதும் காற்று மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும்.

இனிச் சோதனைக்கு வருவோம். அதற்குக் கிண்ணத்தில் சிறிது சோப்புத் தண்ணீரும் ஒரு துணியும் போதும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வால்வின் வாய் மேல்நோக்கி இருக்குமாறு சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். காற்றை உரிய அளவுக்கு நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டு, வால்வின் வாயில் இரண்டு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். கண்ணெடுக்காமல் ஒரு நிமிஷம் பாருங்கள். கசிவு மிகவும் சிறிதாக இருந்தால் குமிழி எழும்ப நேரமாகும். அவசரப்பட்டு 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடக்கூடாது.

வால்வின் வாயிலேயே குமிழி எழுந்தால் பின் கசிகிறது என்று பொருள். இதுதான் எல்லாவற்றிலும் எளிய கோளாறு. வாயில் குமிழி இல்லாமல், தண்டு ரிம்மைவிட்டு வெளியே வரும் இடத்தில் குமிழி தோன்றினால், அங்கே சற்று யோசிக்க வேண்டும். டியூப் போட்ட சக்கரத்தில் டியூப் எந்த இடத்தில் ஓட்டையானாலும், வெளிவந்த காற்று டயருக்குள்ளேயே சுற்றி, வால்வுத் துளை வழியாகவோ ஸ்போக் கம்பிகளின் அடி வழியாகவோ வெளியேறும். ஆணி குத்தியது ஓரிடமாகவும் குமிழி தெரிவது வேறிடமாகவும் இருக்கலாம். ஆகவே அங்கே குமிழி வந்ததைக் கொண்டு வால்வின்மீது மட்டும் பழி சுமத்த முடியாது. டியூபை வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். அப்போது வால்வுத் தண்டையும் அதன் அடியையும் சேர்த்து அமிழ்த்தச் சொல்லுங்கள். பல கடைகளில் டியூபை வளையவளையச் சுற்றிப் பார்ப்பார்கள்; கையில் பிடித்திருக்கும் வால்வுப் பகுதி மட்டும் தண்ணீருக்கு மேலேயே நின்றுவிடும்.

பின் கசிகிறது என்று தெரிந்தால் மூன்று படிகள் உண்டு. முதற்படியாக, ஊசியை ஒருமுறையோ இருமுறையோ சட்டென்று அழுத்திவிடுங்கள். பீறிடும் காற்று, சிக்கியிருக்கும் தூசியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். குறைந்த காற்றை நிரப்பி மீண்டும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி நிற்காவிட்டால் இரண்டாம் படி. நுனியில் பிளவுள்ள சிறு கருவி ஒன்று சைக்கிள் கடையிலும் மோட்டார் சாமான் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும். சில உலோக மூடிகளின் தலையிலேயே அந்தப் பிளவு அமைந்திருக்கும். அதைக் கொண்டு பின்னை வலப்பக்கமாக மெல்லத் திருகிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் சிறிது நகரும், கசிவு நின்றுவிடும். இரண்டு விரல்களின் பலமே இதற்கு அதிகம். முரட்டுத்தனமாக இறுக்கினால் வளையம் நசுங்கி, இல்லாத கசிவும் உண்டாகும்.

இவ்விரண்டுக்கும் கசிவு நிற்கவில்லையென்றால் பின்னை மாற்றிவிடுவதே மூன்றாம் படி. சக்கரத்தின்மீது பாரம் இல்லாதிருக்க வேண்டும். முதலில் ஊசியை அழுத்திக் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். காற்று நிறைந்திருக்கும்போதே பின்னைத் திருகிக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயக்கூடும். முகத்தை வால்வுக்கு நேராக வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். காற்றுப் போனபின் பின்னைக் கழற்றி, தண்டின் உட்புறத்தைச் சுத்தமான துணியின் முறுக்கால் துடையுங்கள். புதிய பின்னைக் கையால் சில சுற்றுத் திருகி, மரை நேராகப் பிடித்திருப்பதை உறுதி செய்துகொண்டு, கருவியால் இலேசாக முடியுங்கள். எண்ணெயோ கிரீஸோ இடாதீர்கள். அவை ரப்பரைக் கெடுக்கும். பிறகு காற்றை நிரப்பி, மறுபடியும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, ஈரத்தைத் துடைத்து, மூடியை மாட்டுங்கள். அந்த மூடி வெறும் அலங்காரம் என்று எண்ண வேண்டாம். தூசியும் சேறும் கதவண்டை வராமல் காப்பது அதுதான். உள்ளே ரப்பர் வளையமுள்ள மூடியானால், சிறு கசிவையும் ஓரளவு தடுத்து நிறுத்தும்.

இதுவரை சொன்னதில் பெரிய அபாயம் ஒன்றுமில்லை. பணமும் பொழுதும்தான் மிச்சம். இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது.

1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கிற்று. நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த வண்டி அது. அதுபோன்ற ஸ்போக் கம்பிச் சக்கரங்களின் ரிம்மில் கம்பிக்கு ஒரு துளை இருப்பதால், அவற்றில் பெரும்பாலும் டியூப் போட்டே தீரவேண்டும். டியூபின் வால்வுத் தண்டு ரிம்மின் துளை வழியே நேராக, சக்கரத்தின் நடுவை நோக்கி நிற்க வேண்டும். தண்டு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் அதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

சாய்வதற்குக் காரணம் இது. காற்றுக் குறைந்த டயர் ரிம்மை இறுகப் பற்றுவதில்லை. பிரேக்கை அழுத்தும்போதும் வேகத்தைக் கூட்டும்போதும் டயர் ரிம்மின்மேல் சிறிது சிறிதாக நகர்கிறது. நகரும் டயர் டியூபையும் தன்னோடு இழுக்கிறது. வால்வுத் தண்டோ ரிம்மின் துளைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இழுபறி முழுவதும் தண்டும் டியூபும் ஒட்டியிருக்கும் அந்த ஓர் இடத்தில் விழுகிறது. ஒருநாள் அந்த இடம் கிழிகிறது. ஆணி குத்திய ஓட்டையில் காற்று மெதுவாகப் போவதும் உண்டு. தண்டின் அடி கிழிந்தாலோ சில விநாடிகளில் சக்கரம் தட்டையாகிவிடும். காலையில் முன்னே பிள்ளையை உட்காரவைத்து, பின்னே மனைவியை ஏற்றிக்கொண்டு, மேம்பாலத்தில் போகும்போது முன்சக்கரத்துக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

ஆதலால் தண்டு சாய்ந்திருக்கக் கண்டால் அன்றைக்கே கடைக்குப் போங்கள். காற்றை இறக்கி, டயரையும் டியூபையும் நேராக்கி, தண்டின் அடியில் வெடிப்பு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால் டியூபை மாற்றுவதே முறை. அந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் நிற்காது, நின்றாலும் நம்புவதற்கில்லை. தண்டின்மேலுள்ள திருகு மரையை ரிம்மோடு சேர்த்து இறுக்கிவிடுவது பல கடைகளில் வழக்கம். அனுபவமுள்ளவர்கள் அப்படிச் செய்வதில்லை. மரையைத் தளர்த்தியே விடுவார்கள். அல்லது மேலே ஏற்றி மூடியின் அடியில் நிறுத்துவார்கள். அப்போது டயர் நகர்ந்தால் தண்டு சாய்ந்து நம் கண்ணுக்குத் தெரியும். இறுக்கிவிட்டாலோ, சாய்வு வெளியே தெரியாமல் உள்ளே கிழிவது மட்டும் நடக்கும்.

டியூப் இல்லாத டயர்கள் இக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் வந்துவிட்டன. அவற்றில் வால்வுத் தண்டு ரிம்மிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது ரப்பரால் ஆனது. வெயிலும் வயதும் ரப்பரை வெடிக்கச் செய்யும். மாதம் ஒருமுறை தண்டைக் கட்டைவிரலால் இலேசாக வளைத்து அடியைப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தாலும், வளைக்கும்போது சோப்புத் தண்ணீரில் குமிழி வந்தாலும், வால்வை முழுதாக மாற்ற வேண்டும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விலக்கித்தான் இதைச் செய்ய முடியும் என்பதால் இது கடைக்காரர் வேலை. டயர் மாற்றும்போதெல்லாம் இந்த வால்வையும் மாற்றிவிடுவது நல்லது. டயரோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். டியூப் இல்லாத டயரில் பின்னை மாற்றக் காற்றை முழுதும் இறக்கியபின் வண்டியைத் தள்ளாதீர்கள். டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு விலகிவிட்டால், கைப்பம்பினால் மீண்டும் அதை அமர்த்துவது மிகவும் கடினம். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் பசை நீர், பின்னில் உறைந்து அதைக் கெடுப்பதும் உண்டு. அதைப் பயன்படுத்துவோர் பின்னை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுச் சீதோஷ்ணத்தில் வளர்ந்த நம்மை வெளியூர்க் குளிர் ஏமாற்றுவதும் உண்டு. டில்லியில் ஒருவர் நவம்பர் மாதத்துப் பிற்பகலில், 25 பாகை வெப்பத்தில், டயருக்கு 30 ராத்தல் காற்று அடைத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி விடியற்காலையில் வெப்பம் 5 பாகைக்கு இறங்குகிறது. வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறைந்தால் அழுத்தம் 1 ராத்தல் அளவு குறையும். ஆகவே சொட்டுக் காற்றும் கசியாமலே 3 ராத்தல் குறைந்திருக்கும். இது தவிர, பழுதில்லாத டயரிலும் மாதத்துக்கு 1 அல்லது 2 ராத்தல் தானாகவே குறையும். கசிவா, குளிரா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் காரணம் குளிர். ஒரு சக்கரம் மட்டும் குறைந்திருந்தால் அங்கே கசிவு. எதுவானாலும் குறைந்ததை நிரப்பிவிட வேண்டும். உரிய அளவு வண்டியின் கையேட்டிலும், வண்டியில் ஒட்டிய சீட்டிலும் போட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளப்பதே சரியான கணக்கு.

மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வேறொரு தொல்லை. பித்தளைத் தண்டின்மேல் அழகுக்காக அலுமினிய மூடி போடுகிறார்கள். உப்புக் காற்றில் இரண்டு உலோகங்களும் அரித்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பற்றிய மூடியைக் குறடு போட்டுத் திருகினால் தண்டே முறுக்கிக் கிழியும். அந்த ஊர்களில் பிளாஸ்டிக் மூடியே உத்தமம். ராஜஸ்தானத்துப் புழுதியில் ஓடும் வண்டிக்கோ, மூடி இல்லாமல் ஒரு நாளும் போகக்கூடாது.

இனி, பாஷை. ஹிந்தியிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் காற்றை 'ஹவா' என்பார்கள். வங்காளத்தில் 'ஹாவா' என்றால் புரிந்துகொள்வார்கள். தெலுங்கில் 'காலி', கன்னடத்தில் 'காளி', இவ்விரண்டிலும் முதலெழுத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கேரளத்தில் நம் காற்றேதான். 'வால்வு', 'பின்', 'டியூப்', 'பஞ்சர்' என்ற நான்கும் எல்லா மாநிலங்களிலும் செல்லுபடியாகும் நாணயங்கள். வால்வைத் தொட்டுக் காட்டி, 'முதலில் பின்னைப் பாருங்கள்' என்பதை அவ்வூர்ப் பாஷையில் சொல்லக் கற்றுக்கொண்டால், கடைக்காரரும் விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கவனமாகப் பார்ப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வருகிறவர்களில் பலர் காரணம் கேட்பதில்லை; அவரும் சொல்லிப் பழகவில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வழியில் சக்கரம் இறங்க நேரலாம். வண்டி மிதப்பது போலவும் நெளிவது போலவும் தோன்றினால் பதற வேண்டாம். கைப்பிடியை உறுதியாக, நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகத்தை மெல்லக் குறையுங்கள். இறங்கிய சக்கரத்தின் பிரேக்கைத் தொடாமல் மற்றச் சக்கரத்தின் பிரேக்கை இலேசாக அழுத்தி, சாலையின் இடப்புறம் ஒதுங்குங்கள். அதே சக்கரத்தில் 'கடைவரை போய்விடலாம்' என்று ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டினால் டியூபும் டயரும் சேர்ந்து பாழாகும். விழுந்தால் அதற்கு விலையே இல்லை.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்களின் காற்றையும் அளந்து, மூடி இருக்கிறதா, தண்டு நேராக நிற்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கருவிப் பையில் ஒரு புதிய பின்னும் அதைத் திருகும் கருவியும் இரண்டு மூடிகளும் கிடக்கட்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கும், வண்டி ஓட்டும் பெண்களுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள். வால்டியூப் மாட்டத் தெரிந்திருந்த நமக்கு இது புதிய வித்தை அன்று. உறவும் அக்கம்பக்கமும் தூரத்தில் இருக்கும் ஊரில் நாம் ஓட்டுகிறோம். நம்மை நம்பிப் பின்னால் உட்காருகிறவர்களுக்கு வாரம் ஐந்து நிமிஷம் கொடுப்பது நம் கடமை.